கீல்

அந்த வாரம் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன.
பால் குறைவு.
பூசத்துக்குப் போய்த் திரும்பிய மொட்டைத் தலைகள்
பெரட்டுக் களத்தில்
சந்தனம் காய்ந்து வெடித்தபடி நின்றன.

பகாவ் பட்டணத்தில், ஆ லோக் கோப்பிக் கடையில்,
ஞாயிறு பசியாறும்போது ரேடியோ சொன்னது:
விண்ணுக்குப் போக இருந்த மூன்று பேர்
கூண்டுக்குள்ளேயே எரிந்துபோனார்கள்.
ராக்கெட் கிளம்பவில்லை. எண்ணெய்கூட ஊற்றவில்லை.
வெறும் ஒத்திகை.
ரொட்டியில் காயா தடவிக்கொண்டிருந்த கை
கொஞ்சம் நின்றது,
பிறகு ஓரம் வரைக்கும் தடவியது.

திங்கட்கிழமை ஆபீஸ் படியில் நின்று
பேப்பரைப் படித்துச் சொன்னேன்.
நான் கிராணி. படித்துச் சொல்வதும் சம்பளத்தில் சேர்த்தி.
அவனுங்களுக்கு என்ன கூலி என்றார் மண்டோர் வீராச்சாமி.
அங்கே மேலே அவ்வளவு சூடா என்றான் ஒரு பையன்.
தரையிலதாண்டா, என்றேன், தரையிலதான்.
எல்லாரும் கலைந்த பிறகு
தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு
மங்காத்தாள் கேட்டாள்:
"கதவு எந்தப் பக்கம் தெறக்கும், கிராணி?"

பேப்பரில் போடவில்லை, என்றேன்.
உண்மையாகவே போடவில்லை.
அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்,
போட்டிருப்பார்கள், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்பதுபோல.

மூன்றாம் நம்பர் புகைவீடு.
அறுபத்தைந்து, ஐப்பசி மழை.
ஷீட்டுக் கழிகள் மொத்தமாய்ச் சரிந்து
உள்பக்கம் திறக்கும் கதவின்மேல் விழுந்தன.
உள்ளே அவள் புருஷன் குப்புலிங்கம்.
வெளியே ஆறு பேர் தள்ளினோம்.
நானும் தள்ளினேன்.
பலகை சூடேறி
கையை எடுக்க வேண்டியதாயிற்று.
யார் முதலில் எடுத்தது என்று
நாங்கள் ஆறு பேரும் பேசிக்கொண்டதில்லை.

துரை சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
அரைப் பக்கம்.
"இறந்தவரின் கவனக்குறைவு."
மேலே ஒன்று ஆபீசுக்கு, கார்பன் நகல் அவளுக்கு.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
படித்துச் சொன்னதும் நான்தான்.

ஏப்ரலில் மறுபடி பேப்பரில் வந்தது.
அங்கே விசாரணை முடிந்ததாம்.
மூவாயிரம் பக்கம்.
மூன்று பேருக்கு மூவாயிரம்;
ஆளுக்கு எத்தனை என்று
கிராணிப் புத்தி வகுத்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டது.
கதவு உள்பக்கம் திறப்பதாம்.
உள்ளே காற்று நெருக்கிப் பிடித்துக்கொண்டதாம்.
இனி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி
வேறு கதவு செய்வார்களாம்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன்.
வாசலில் குந்தி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.
"உள்பக்கம்," என்றேன்.
அவள் நிமிரவில்லை. நான்கைந்து தலை கிள்ளினாள்.
"அந்த மூணு பேர் வீட்டுப் பொம்பளைங்ககிட்ட
யாரு போய்ச் சொன்னா?"

எனக்குத் தெரியாது.

துரை சீமைக்கு லீவில் போன மாதம்
தச்சர் குஞ்ஞிராமன் வந்தார்.
நான்கு கீல், திருகாணி, ஒரு நாள் கூலி:
பதினொரு வெள்ளி நாற்பது காசு.
மாட்டுக் கொட்டகைப் பழுது என்று பேரேட்டில் எழுதினேன்.
எங்கள் தோட்டத்தில் மாட்டுக் கொட்டகை கிடையாது.
யாரும் கேட்கவில்லை.

நிலாவில் கால் வைத்த அன்று
பட்டணமே ஆ லோக் கடையில் நெரிந்தது.
நான் ஸ்டோர் சாவி வாங்கப் புகைவீட்டுப் பக்கம் போனேன்.
மங்காத்தாள், இரண்டு கையிலும் காய்ந்த ஷீட்டு,
இடுப்பால் ஒரு இடி.
கதவு வெளியே வந்தது,
புகை வந்தது, அவள் வந்தாள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
என்னைத் தாண்டிப் போனாள்.

அந்த அரைப் பக்கம் இன்னும் ஃபைலில் இருக்கிறது,
ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.