ரகசியத் தகவலின் பேரில்

புளியரை செக்போஸ்ட், அதிகாலை மூணரை.
வைக்கோல் லாரிகள் ஆரியங்காவு ஏறுகின்றன.
பதினொன்றை விட்ட காவலர் முப்பிடாதி
பன்னிரண்டாவதுக்குக் கை நீட்டினாள்.
அடியில் ரேஷன் அரிசி, நாற்பது மூட்டை.

"எப்படிம்மா கண்டே?"
"தோணிச்சு சார்."
"தோணிச்சுன்னு கோர்ட்டுக்கு எழுதவா?"
எழுதினார்: ரகசியத் தகவலின் பேரில்.

தகவல் தந்தது யார்?
டயர் அமுங்கிய விதமா,
கேட்குமுன்னே "வெறும் வைக்கோல்தான்" என்ற டிரைவரா,
அவளிடம் சொல்லாமல்
எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்த
அவள் கண்ணா?

மலைக்கு அந்தப் பக்கத்துப் போலீசும்
'தோன்னி' என்றுதான் சொல்வாராம்.

போன வாரமும் தோணிச்சு.
அவிழ்த்தாள். வைக்கோல்,
அடிப்பலகை வரைக்கும் வைக்கோல்.
டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
விடியும்வரை ஒற்றையாளாகத்
திரும்பக் கட்டினான்.

அதை எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.