பிழை நாற்பத்தேழாம் வரியில்

உட்லண்ட்ஸ், பதினோராம் மாடி.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
ஆறிப்போன கோப்பி ஓ.
மொத்தச் சந்தையின் மீன்விலைப் பக்கம்
தினமும் விடியற்காலை மூன்றரைக்கு மாறும்.
ஏழு வருடமாக அதைக் கண்ணால் படித்து
விரலால் அட்டவணையில் ஏற்றுகிறவள் நான்.
அறுபத்திரண்டு மீன், அறுபத்திரண்டு விலை.
இனி நிரல் படிக்கட்டும் என்று
மூன்று வாரமாய்ப் பைத்தான் கற்கிறேன்.

பாலிடெக்னிக்கில் படித்த மொழி
வரிக்கு வரி அரைப்புள்ளி கேட்கும்.
இது கேட்காது,
விளிம்பில் விடும் வெற்றிடத்தை எண்ணும்.
நாலுக்கு மூன்று விட்டால் போச்சு.
அலுவலகத்து ஹியூ லெங் மாதிரி:
வேலை தாமதமானால் ஒன்றும் சொல்லமாட்டாள்,
ஸ்டேப்ளர் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் கேட்பாள்.

முதலில் கதவே திறக்கவில்லை.
நானூற்று மூன்று.
யாரென்று சொல்லாமல் வந்து நிற்கிறேனாம்.
சரி என்று தலைப்பில் எழுதினேன்:
நாச்சம்மை, மீன் கம்பெனி கிளார்க்,
நாளைக்கு ஒரே தரம்தான் வருவேன்.
விட்டுவிட்டது.
இவ்வளவு லேசாக எந்த வங்கியும் என்னை நம்பியதில்லை.

உள்ளே போனால் காலிப் பட்டியல்.
இரண்டு சதுர அடைப்பு, நடுவில் காற்று.
திரையில் அட்டவணை பளிச்சென்று நிற்கிறது,
நிரலுக்கு மட்டும் தெரியவில்லை.
ஒரு மணி நேரம் முறைத்த பிறகு பார்த்தேன்,
வகுப்பின் பெயர் நடுவே ஓர் இடைவெளி.
ஒரே பெயரென்று நான் தேடியது
இரண்டு பெயர்.

பாலிகிளினிக்கில் ஒருநாள்
"மிஸ் வைரவன்" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள்.
கையில் எண்ணை வைத்துக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
செத்துப் பன்னிரண்டு வருடமான அப்பாவை
இங்கே யார் தேடுகிறார்கள் என்று யோசித்தபடி.

இடைவெளியை எடுத்துவிட்டு ஒரு புள்ளி வைத்தேன்.
மீன்கள் வந்தன.
வந்த வேகத்தில் தமிழ்ப் பெயர்கள் சிதறின:
தலையில் கீறல் விழுந்த ஏ, வட்டத்துக்குள் ஆர்,
மறுபடி ஏ, மறுபடி ஆர்.
வஞ்சிரத்தை இருபத்து நாலு துண்டு போட்டிருந்தது,
ஒரு துண்டும் குழம்புக்கு ஆகாது.
எழுத்துமுறை இன்னதென்று ஒரு சொல் சேர்த்ததும்
ஒட்டிக்கொண்டு முழுமீனாய் எழுந்தது.

பன்னிரண்டையும் எட்டையும் கூட்டச் சொன்னால்
நூற்றிருபத்தெட்டு என்றது.
அதன் கணக்கில் இரண்டும் எழுத்துதான், எண்ணில்லை.
அதையும் சரிசெய்தேன்.

அப்புறம்தான் நாற்பத்தேழு.
ஒன்றுமில்லாததற்கு உரை கிடையாது
என்றது சிவப்பில்.
அந்த வரியைப் பத்து விதமாய் மாற்றினேன்.
அடைப்பை எடுத்தேன், வைத்தேன்.
கணினியை அணைத்துப் போட்டேன்,
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
வரியில் குற்றமே இல்லை.
முப்பது மீனுக்கு ஒழுங்காக ஓடியிருக்கிறது.
முப்பத்தோராவது கொடுவா.
அன்றைக்குக் கொடுவா வரவில்லை,
விலைக் கட்டமே போடாமல் விட்டிருக்கிறார்கள்.
இல்லாத கட்டத்திடம் நான்
எவ்வளவு, எவ்வளவு என்று
நள்ளிரவு தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏழு வருடமாக இந்த மாதிரி இடத்தில்
யோசிக்காமல் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
இதற்குச் சொல்ல வேண்டும்:
இருந்தால் கேள்.
இல்லாவிட்டால் கோடு.

அறைக்குள்ளிருந்து தண்ணீர்மலையின் குரல்.
"என்னாச்சு, இன்னுமா?"
"கொடுவா வரல."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பாத்தாங் வாங்கிக்க," என்று
புரண்டு படுத்தார்.

மூன்று முப்பத்து நாலு.
புதுப் பக்கம். அறுபத்திரண்டு வரி
தடுக்காமல் இறங்கின.
நம்பிக்கையில்லாமல் விரல் வைத்து எண்ணினேன்.
முப்பத்தொன்று: கொடுவா, கிலோ பதினாறு வெள்ளி.
வந்திருக்கிறது.
என் கோட்டுக்கு வேலையில்லை.

வேறெங்காவது விழுந்திருக்கிறதா என்று
மறுபடி மேலிருந்து தேடத் தொடங்கினேன்.