காற்றுவாக்கில்

இரண்டு சாவிகள் கொடுத்தார்கள்.
ஒன்று என்னுடையது. அதைக் கொண்டு அனுப்பினால்
என் முகம், என் மூக்குக்கண்ணாடி,
ஸ்கிர்மாந்தே என்று முழுப்பெயர்.
மற்றது பாட் கணக்கினுடையது.
வட்டத்துக்குள் ஒரு கடற்காகம்.
பெயர் வேயஸ்; எங்கள் மொழியில் காற்று.
பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில், பொடியாக: செயலி.

நிரலில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம்.
பயனராக அனுப்பு: ஆம்.
பயனராக அனுப்பு: இல்லை.

முதல் வாரம் கவனிக்காமல் ஆம் என்று விட்டிருந்தேன்.
க்ளைபேடா துறைமுகத்தில், இரவு மூன்று நாற்பதுக்கு,
"காற்று 21. பாரந்தூக்கிகளை நிறுத்தவும்" என்று
நான் சொல்லாததை என் முகம் சொன்னது.
நான் வீட்டில், போர்வைக்குள்.
நாற்பது மீட்டர் உயரக் கூண்டுகளில் இருந்தவர்கள்
என்னைத்தான் வைதார்கள்.
வேலை நின்ற மணிக்குப் படி கிடையாது.
"உனக்குத் தூக்கமே வராதா?" என்று ஜீத்ரூனஸ்.
"இவள் ஊதித்தான் காற்றே வருது" என்று இன்னொருவன்.
விடிந்து பார்த்தால் பதினேழு வசவு,
கூடவே சிவந்த கோபமுகம் ஒன்று.

இல்லை என்று மாற்றினேன்.
அதோடு அடங்கிப்போனது.
காற்றிடம் யார் சண்டைக்குப் போவார்கள்?
ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
வேயஸுக்கு நன்றி என்று ஒருவன் எழுதியிருந்தான்.
பொறாமையாக இருந்தது,
யாரிடம் சொல்ல.

ஜனவரி பத்தொன்பது. இரவுப்பணி எனக்கு.
மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது.
கம்பத்து உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள்
பனியில் இறுகிப்போக,
வேயஸ் சமர்த்தாக எழுதியது:
"காற்று 0. பணி தொடரலாம்."

ஜன்னலுக்கு வெளியே
சுங்க அலுவலகக் கொடி கிழிகிற சத்தம்.
குப்பைத்தொட்டி ஒன்று
தண்டவாளத்தைத் தாண்டித் தானே நடந்து போனது.
வாக்கிடாக்கியில் வெறும் இரைச்சல்.

என் பெயரில் எழுதினேன்:
நிறுத்துங்கள். நான்காம் எண், முதலில் இறங்குங்கள்.
ஜீத்ரூனஸ் கேட்டான்:
"வேயஸ் ஒண்ணும் சொல்லலையே?"
திரும்ப எழுதினேன்.
"கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பணும்.
அளவு எவ்வளவு, அதைச் சொல்."
விளக்கு வெளிச்சத்தில்
பெட்டி ஒன்று கம்பியில் ஊசலாடியது,
எதையோ வேண்டாம் வேண்டாம் என்பதுபோல.

அந்த மற்றச் சாவியை எடுத்தேன்.
கடற்காகத்தின் முகத்தை மாட்டிக்கொண்டு
கையால் அடித்தேன்:
காற்று 26. நிறுத்து.

இருபத்தாறு எங்கிருந்து வந்தது?
என் அடிவயிற்றிலிருந்து.
ஒரு நிமிடத்துக்குள் நான்கு கட்டைவிரல்கள்.
ஏணிகளில் தலைவிளக்குகள்
ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.
நான்காம் எண்ணின் விளக்கு கடைசியில்.

அறிக்கை வந்தது. அனுப்பியவர்: செயலி.
தானியங்கி உரிய நேரத்தில் எச்சரித்தது.
கூட்டத்தில் மேலாளர் கெஸ்தூதிஸ் கைதட்டினார்,
எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன்.
கருவி அன்றிரவு முழுக்கப் பூஜ்யத்தில் நின்றதை
யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.
நான் வாய் திறந்தால்
பொய் சொன்னது நீயா காற்றா என்பார்கள்.
அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது.

மதியம் உணவகத்தில் எதிரே வந்து உட்கார்ந்தார்
நான்காம் எண் அல்கிமாந்தஸ்.
பீட்ரூட் சூப், கருப்பு ரொட்டி.
ஒன்றும் சொல்லாமல் போனை என் பக்கம் தள்ளினார்.
வேயஸின் அந்த ஒரு வரியை
விரலால் விரித்துப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

காற்று என்று எழுதும்போது எங்கள் எழுத்தில்
ஏகாரத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கவேண்டும்.
வேயஸ் ஒருநாளும் அதை மறந்ததில்லை.
அவசரத்தில் விட்டுவிடுவது
நாங்கள்தான்.

அந்தத் தலையில் புள்ளி இல்லை.

போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"உப்பை இப்படித் தள்ளு" என்றார்.
தள்ளினேன்.