விழிப்பை எடுக்கும் வேலை

இரவு பத்துக்கு உள்ளே போவேன்.
பிரேமன் துறைமுகம், வேசர் ஆற்றின் இடக்கரை,
புகைக்கூண்டில் எண் மட்டும் எழுதிய ஆலை.
காலை ஆறு வரை என் வேலை
காபிக் கொட்டைகளிடமிருந்து
விழிப்பைப் பிரித்தெடுப்பது.

அதற்கு நான் தூங்கக் கூடாது.
ஆகவே இரண்டு குவளை, சர்க்கரை போடாமல்,
எதையும் பிரித்தெடுக்காத காபி.
சிரிக்கலாம். மேற்பார்வையாளர் ஓல்ட்மனும்
முதல் நாள் சிரித்துவிட்டுத்தான்
பிளாஸ்க்கை என் பக்கம் தள்ளினார்.

கொட்டை பச்சையாக வரும்.
ஆவியில் வெந்து ஊறவைத்த பட்டாணிபோல் உப்பும்.
இரும்புக் கலத்தில் அடைத்து மூடியைத் திருகினால்
காற்றுமில்லை நீருமில்லை என்ற நிலையில்
கரியமில வாயு உள்ளே புகுந்து
கஃபீனை மட்டும் கைப்பிடித்து அழைத்து வரும்.
மணத்தைத் தொடாது என்பார்கள்.
கொஞ்சம் தொடும்.
வெளியே வரும் கொட்டை
நனைந்து காய்ந்த அட்டையின் நிறம்.

முழுக்க எடுக்க முடியாது.
இறைத்த கிணற்றிலும் ஈரம் இருக்குமே, அப்படி.
ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே என்று
கையெழுத்துப் போடுவது நான்தான்.

எடுத்ததைக் கொட்டிவிடுவதில்லை.
வெள்ளை வெளேரென்று பொடியாக
பீப்பாயில் ஏறி, லாரியில் ஏறி
குளிர்பானக் கம்பெனிக்குப் போகும்.
எதிர்வீட்டு ட்யார்க்குக்குப் பதினாறு வயது.
நடுநிசி தாண்டியும் அவன் ஜன்னலில் விளக்கு,
மேசையில் தகர டப்பா.
அதிலிருப்பது எந்தச் செவ்வாய்க்கிழமையின் சரக்கு என்று
எனக்குத் தெரியும்போல் இருக்கும்.

யாருக்கு இந்தக் காபி?
மூன்றாம் மாடி ஃபிரவுகேவுக்கு. ஏழு மாதம்.
வயிற்றுப்பிள்ளை உதைப்பது போதாதா என்பாள்.
ஞாயிறு ஆர்கன் வாசிக்கும் ஏல்கோவுக்கு,
சனிக்கிழமை மட்டும்.
நெஞ்செரிச்சல்காரர் வில்கன்
ஒரு மாதம் குடித்துவிட்டு என்னைத் திட்டினார்.
நான் என்ன செய்ய?
எடுத்தது கஃபீன். புளிப்பு அப்படியேதான் இருக்கிறது.

பிறகு என் ஹின்னர்க்.
நாற்பது டன் பெட்டியைக்
குலுங்காமல் கப்பலில் இறக்கிய கிரேன்காரன்.
போன பனிக்காலம் அவன் நெஞ்சு குலுங்கியது.
மூன்று துடித்து ஒன்றை விழுங்கும்.
காபியைக் குறைத்துப் பாருங்கள் என்றார் மருத்துவர்.
இதைக் குடி என்றேன்.
"கொக்கியில்லாத கிரேன்" என்றான்.

ஏப்ரலில் ஒரு விடியல்,
அவன் குளிக்கும் சத்தம் கேட்கும்போதே
கலங்கரை விளக்கம் வரைந்த அவனுடைய நீல டப்பாவில்
கொட்டையை மாற்றிக் கொட்டினேன்.
திருமணமாகிப் பத்தொன்பது வருடத்தில்
அவனுக்குத் தெரியாமல் நான் செய்த
முதல் காரியம் என்று சொன்னால் பொய்.
மூன்றாவது.

ஆறரைக்கு இருவரும் ஒரே டப்பாவில் குடிப்போம்.
அவனுக்கு அது பகலின் தொடக்கம்,
எனக்கு இரவின்.
வழக்கமாகக் கறுப்புத் திரைக்குப் பின்னால் படுத்து
டிராம்களை எண்ணுவேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று,
ஒன்று தாமதம்.
அந்த வாரம் இரண்டுக்கு மேல் எண்ணவில்லை.
மழைக்காலம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான்.
"உங்கள் ஆலைக் கொட்டை இன்னும் ஒரு கிலோ கொண்டு வா."
அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள்
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.
"எப்போது தெரியும்?"
"இரண்டாம் நாள்."
"ஏன் சொல்லவில்லை?"
"நீ குறட்டை விட்டாய்."

இன்னமும் அவன் நெஞ்சு
சில இரவில் ஒன்றை விழுங்குகிறது.
காபி காரணமாக இல்லாமலும் இருக்கலாம்,
மருத்துவரும் அதைத்தான் சொல்கிறார்.
நீல டப்பா மாறவில்லை.
பக்கத்தில் சிவப்பு டப்பா ஒன்று வந்திருக்கிறது.
ஒன்பதேமுக்காலுக்கு அதிலிருந்து போட்டு
பிளாஸ்க்கில் ஊற்றி, மூடியை இறுக்கித் தருகிறான்.
"இதில் எல்லாம் இருக்கிறது. போ."

தெருவில் இறங்குகிறேன்.
ட்யார்க்கின் ஜன்னல்
இப்போதுதான் எரியத் தொடங்குகிறது.