நாலாயிரம் லிட்டர்

பகல் ஷிப்டில் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறேன்.
அதற்குச் சம்பளம் வருகிறது.
இரவில் அதே தண்ணீரை வீட்டுக் குழாயில் பிடித்து
உப்பைக் கரைக்கிறேன்.
அதில் சம்பளம் போகிறது.

ஜுபைலில் எங்கள் வாடகை வீட்டுக்கும் கடலுக்கும்
ஒன்றரைக் கிலோமீட்டர்.
"அங்கே சும்மாதானே கிடக்கு?" என்றாள் பௌசியா,
நூற்று நாற்பது கிலோ உப்பு
வாளி வாளியாய் வந்திறங்கிய அன்று.
கரையோரத் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
அந்த வால்வுகளில் ஒன்றைத் திறப்பவனே நான்.
"அது சரிப்படாது" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் தரை.
குல் ஸமான் வந்து டைல்ஸைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
நாலு டன்னா, யானையா கட்டப் போகிறாய் என்றார்.
யானையென்றால் கொஞ்சம் நகரும் என்றேன்.
வீட்டுக்காரர் அபூ நாசரிடம்
சின்னதாய் ஒரு மீன்தொட்டி என்று சொல்லி வைத்திருந்தோம்.

அக்ரிலிக் பலகை வாசலில் நுழையவில்லை.
சன்னல் சட்டத்தைக் கழற்றி
பதினொரு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கினோம்.
மலையாளம், உருது, தகாலோக்,
எல்லாவற்றிலும் "இடது பக்கம், இடது பக்கம்."
எதிரெதிரே நின்றவர்களின் இடது
எதிரெதிரே இழுத்தது.

பிறகு ஆறு வாரம்
கல்லும் தண்ணீரும் மட்டும்.
விருந்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.
மீன் எங்கே?
அம்மோனியா இறங்கணும்.
பிரியாணித் தட்டோடு தலையை ஆட்டினார்கள்,
துக்க வீட்டில் ஆட்டுவதுபோல.
சோதனைக் குழாயின் பச்சை
மஞ்சளாகிவிட்டதா என்று
பஜ்ருக்கு முன்பே எழுந்து
விளக்கில் பிடித்துப் பார்ப்பேன்.

ஒருநாள் மஞ்சளானது.
தெர்மகோல் பெட்டியில் விமானமேறி வந்தன பவளங்கள்,
கட்டைவிரல் அளவு, ஒன்றின் விலை ஒரு பல் கட்டும் செலவு.
ரோடல் பசை வைத்து ஒட்டினான்.
நான் லத்தீன் பெயர்களைச் சொல்லிப் பழகினேன்.
பௌசியா அவற்றுக்கு
முருங்கைப்பூ, பீர்க்கங்கூடு, வாத்தியார் மண்டை என்று பெயர் வைத்தாள்.
இப்போது எனக்கும் அவைதான் வாயில் வருகின்றன.

ஆகஸ்டில் ஓரிரவு கரண்ட் போனது.
குளிரூட்டி நின்றது.
இருபத்தாறு. இருபத்தெட்டு.
முப்பத்தொன்று என்று டார்ச் வெளிச்சத்தில் நான் படித்தபோது
அவள் ஃப்ரீசரைக் காலி செய்துகொண்டிருந்தாள்.
அடியில் உறைந்து கிடந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாய்த் தொட்டிக்குள் மிதந்தன.
மேலே கிடந்த ஹமூரும் ஷேரியும்
இரவு இரண்டு மணிக்கு கேஸ் அடுப்பில் பொரிந்தன.
பக்கத்து வீட்டார் இருட்டிலேயே வந்து சாப்பிட்டார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
ஆரஞ்சு மீன் ஒன்று பார்த்தது.
யாரும் அதைப் பார்க்கவில்லை.

அதே இரவில்
ஜானா தீவைச் சுற்றிக் கடல் முப்பத்துநாலு.
அங்கேயும் பவளம் உண்டு. படகில் போய்ப் பார்த்திருக்கிறேன்.
பழுப்பு, குட்டை, யாரும் விலைகேட்காத நிறம்.
குளிரூட்டியில்லாமல்
அவை பாட்டுக்கு இருந்தன.
எங்களைப்போல என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
அவற்றுக்கு மாதக் கடைசி இல்லை, இகாமா இல்லை.

நாலரைக்கு மோட்டார் உறுமியது.
முருங்கைப்பூ ஒரு பக்கம் வெளுத்திருந்தது.
தூங்காமலே ஆலைக்குப் போனேன்.
உள்ளே வரும் கடலின் சூட்டைத் திரை காட்டியது.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்குப் படம் ஒன்று அனுப்பினாள்.
கல்லிடுக்கிலிருந்து
நூல்போல நீண்ட ஒற்றைக் கை,
ரோமமும் கோடுமாய்,
எதையோ துழாவிக்கொண்டு.

இத எப்ப வாங்குனீங்க?

வாங்கவில்லை.