நான்கு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு

மூன்றாவது முறையும் அதே இடத்தில் நின்றது.
"எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது"
என்றது திரை,
சாவுச் சேதி கொண்டுவந்தவன்
கண்ணைப் பார்க்காமல் சொல்வதுபோல.

வெளியே நரின் நகரம் மைனஸ் இருபத்திரண்டில்.
ஆற்றின் மேல்தோல் இறுகிவிட்டது,
அடியில் தண்ணீர் நடக்கிற சத்தம் மட்டும்.
வெள்ளிக்கிழமை பால் பட்டுவாடா,
டிசம்பர் முதல் ஊற்றிய பாலுக்கு,
ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளுக்கு.
செவ்வாய் மாலை மின்சாரம் போய் வந்ததில்
சர்வரின் வட்டு மூன்று முறை இருமி ஓய்ந்தது.

நான் பதறவில்லை.
பதறாததுதான் இப்போது உறுத்துகிறது.
இரவு இரண்டு மணிக்குத் தினமும்
காப்புநகல் வெற்றி என்று பச்சை எழுத்தில்
மின்னஞ்சல் வந்தபடி இருந்தது.
படிக்காமலே ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்படி
விதி எழுதி வைத்தவள் நான்.
வென்றோமா என்று கேட்காமலே
வெற்றி என்று எழுதும் ஸ்கிரிப்டையும்
நான்தான் எழுதியிருந்தேன்.

விவசாயிகள் வந்தார்கள். ஊர்கள் வந்தன.
கறவைகள் காதுவில்லை எண்ணோடு வந்தன.
பால் வரவு மட்டும்
டிசம்பர் ஒன்பதோடு நின்றது, வரி பாதியில்:
குல்புபு, அத்-பாஷி சாலை, ஏழு லி

முந்தின நாள் நகலை எடுத்தேன்.
குல்புபு, ஏழு லி.
அதற்கும் முந்தியது.
ஏழு லி.
அறுபத்தொன்பது பிரதிகள்,
அறுபத்தொன்பது ஏட்டுச் சுரைக்காய்.

விடிவதற்குள் கண்ணில் பட்டது, எல்லாமே ஒரே எடை.
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
அக்டோபரில் பழைய வட்டு பழுதானபோது
கணக்கர் எல்சிபெக் சந்தையில் பேரம் பேசி வாங்கியது இது.
பழைய காலத்து வடிவமைப்பு.
ஒரு கோப்புக்கு இதற்குமேல் இடமில்லை.
ததும்பியதைக் கீழே ஊற்றிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கிறது.

தாளில் எழுதுவதை நிறுத்துங்கள் என்று
மூன்று வருடம் முன்னால் கூட்டத்தில் நின்று சொன்னது யார்?
அதுவும் நான்தான்.

நாலரை மணிக்கு லாரிக்காரர் தாலய் உள்ளே வந்து
கேன் சாவியைத் தேடினார். என் முகத்தைப் பார்த்தார்.
விளக்கினேன். பாதி புரிந்தது அவருக்கு.
மனைவியின் போனை எடுத்து நீட்டினார்:
"ஜிபார், இதை உன் மெஷின்தானே அனுப்புது?"

பால் ஊற்றியதும் போகிற குறுஞ்செய்தி.
தேதி, லிட்டர், கொழுப்பு.
அந்த அம்மாள் எதையும் அழிப்பதில்லை.

இரண்டு பகல், ஒன்றரை இரவு.
எல்சிபெக் ஒரு போனில், தாலய் ஒரு போனில், நான் ஒன்றில்.
வாசிக்கச் சொன்னோம், தட்டினோம்.
ஒருவர் போன் பனிக்கட்டித் துளையில் விழுந்திருந்தது.
ஒருவர் இரண்டு மாட்டுக்கு நாற்பது லிட்டர் சொன்னார்;
மாட்டைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.
ஒன்பது வீடுகள் கடைசிவரை கிடைக்கவில்லை,
சராசரி போட்டோம், திட்டு வாங்கினோம்.

வியாழன் இரவு பத்துக்கு குல்புபு எடுத்தார்.
முழுவதும் வாசித்தார், நிதானமாக.
பிறகு,
"ஜனவரி பத்தொன்பதுல பதிமூணுன்னு இருக்கு.
அதுல ஆறு என் பால் இல்ல.
பக்கத்து வீட்டு இபிராய்க்குக் காய்ச்சல்,
அவன் கேனையும் சேத்துத் தூக்கிட்டு வந்தேன்.
அவன் பேர்ல போடு."

வட்டு சாகாமல் இருந்திருந்தால்
அந்த ஆறு லிட்டர்
தப்பான பெயரில் பத்திரமாக இருந்திருக்கும்.

இப்போது மாதம் ஒருமுறை
காலி இயந்திரம் ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கிறேன்.
பச்சை எழுத்தை நம்புவதில்லை.
நேராக அத்-பாஷி சாலைக்குப் போகிறேன்,
ஏழு லிட்டர்
முழுசாக முடிகிறதா என்று.