இயற்கைப் பெருக்கம்

ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை.
ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் என்று எழுதி,
ஒரு கமா போட்டு,
'அவர்தம் இயற்கைப் பெருக்கமும்' என்று
சேர்த்திருக்கிறார்கள்.
அந்தக் கமாவுக்குப் பிறகு
பொகவந்தலாவையில்
பெரட்டு மணி அடிக்கும் நேரத்தில்
நான் பிறந்தேன்.

செவ்வாய் இரவு ஒற்றைக் கொம்பன் வந்தது
சேரம்பாடியில் எங்கள் லயத்துக்கு.
கதவை விட்டுவிட்டுச் சுவரைத் திறந்தது.
இருபது கிலோ ரேஷன் அரிசி,
உப்பு,
அரிசி டின்னுக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்த
அப்பாவின் குடும்ப அட்டை.
எல்லாம் ஒரே வாயில்.

வனக்காவலர் தடம் பார்த்தார்:
"இது வயநாட்டு யானை. கேரளாதான் நஷ்டஈடு தரணும்."
எல்லை தாண்டி வந்திருந்த பிஜு மறுத்தார்:
"போன மாசம் முதுமலையில் கண்டதல்லோ. உங்க ஆனை."
லத்தியின் இரு பக்கமும் நின்று
ஒரு மணி நேரம் பேசினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிக்கிற இடமில்லை அது.

டேன்டீ கொட்டகையில்
கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு.
எடை குறைந்தால் அரைப் பேர்.
அதனால் இந்தச் சட்டங்கள்
எனக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

நாற்பத்தெட்டில், அங்கே:
தகப்பன் அந்த மண்ணில் பிறந்ததற்குத் தாள் இருந்தால் ஆள்,
இல்லாவிட்டால் கழிவு.
லயத்துப் பிள்ளைக்கு எவன் தாள் போட்டான்?

அறுபத்து நாலில்
இரண்டு பிரதமர்கள் தராசுக்கு இரு பக்கம்.
இங்கே ஐந்தேகால் லட்சம், அங்கே மூன்று.
முள் நிற்காமல் ஆடிய ஒன்றரை லட்சத்தை
சாக்கோடு ஓரமாய் வைத்தார்கள்.
பத்து வருஷம் கழித்து வந்து
பாதி பாதியாய்க் கொட்டினார்கள்.

அப்பா திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசுக்குப் போனார்.
அன்றைக்கு இந்தியப் பாரம்தான் இருந்தது.
செவனம்மா அத்தை புதன்கிழமை போனாள்.

ஏழு பேர் கப்பல் ஏறினால்
நாலு பேருக்கு அங்கே பிரஜாவுரிமை.
எழுபத்து மூன்றில் அம்மா இடுப்பில்
தலைமன்னாரில் ஏறினேன்.
வகுத்துப் பார்த்திருக்கிறேன்:
என் பங்குக்கு
அரை ஆளுக்குக் கொஞ்சம் கூட.
அத்தையின் மிச்சப் பாதியைக் கொடுத்தது
எந்தக் குழந்தை, மண்டபம் முகாமிலிருந்து எந்தப் பக்கம் போனது,
தெரியவில்லை.
போனில் அத்தை கேட்பாள்,
"என்னடி, எங்கட அரை ஆளு, சாப்பிட்டியா?"

வியாழக்கிழமை தாலுகா ஆபீஸ்.
மகளுக்கு நர்சிங் சேர ஜாதிச் சான்று.
ஜெயசுதா மேடம் மெதுவாகத்தான் கேட்டார்:
"ஐம்பதுக்கு முன்னாடி
உங்க குடும்பம் தமிழ்நாட்டில் இருந்ததுக்கு ஆதாரம்?"
"முகாமில் கொடுத்த அட்டையில்
பூர்வீக ஊர் எழுதியிருந்தது, மேடம்."
"அட்டை எங்கே?"
சொன்னேன்.
பேனாவை மூடி வைத்தார்.

மூன்று நாள்,
வேலை முடிந்து, கம்போடு,
யானை போன வழி.
நாலாம் டிவிஷன், கவ்வாத்துப் பண்ணிய மலை,
ஓடை, மறுபடி தேயிலை.
ஒவ்வொரு லத்தியாய்க் கிளறினேன்.
பார்த்தவர்கள் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை கிடைத்தது.
பிளாஸ்டிக் பாதி, அட்டை பாதி.
முகாம் முத்திரையின் வட்டத்தில் ஒரு பிறை,
எண்ணில் நாலு இலக்கம்,
அப்பா பெயரில்
'பழனி' செரித்துப்போய்
'யாண்டி' மட்டும்.
அரைப் பேர்.
பூர்வீக ஊர் இருந்த மூலையில்
வேகாத ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

கழுவினேன், காய வைத்தேன்,
அவித்த நெல் வாசம் போகவில்லை.
ஜெயசுதா மேடம் மூக்கைப் பொத்தவில்லை.
நெடுநேரம் பார்த்துவிட்டு,
"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

கண்ணாடியில் வைக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.
பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.
பந்தலூரில் இன்னொரு ஜெராக்ஸ் கடை
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது.